பெரிய எழுத்து வேதப்புத்தகம்: அதிகாலை வாசிப்புக்கு எந்தப் பதிப்பு?

விடியற்காலை நாலரைக்கு எழுந்து வேதம் வாசிக்க நினைப்பவர்களுக்கு நாங்கள் கைகாட்டுவது பெரிய எழுத்து, கெட்டி அட்டை, நூல் தைத்த பழைய மொழிபெயர்ப்புப் பதிப்பைத்தான். பளபளப்பு கிடையாது, கைக்குக் கனம். ஆனாலும் தூக்கம் கலையாத நேரத்தில் வரி மாறாமல் கண் ஓடுவது இதில்தான். “விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்” என்ற இயேசுவின் வார்த்தையைக் கைக்கொள்ள முயல்கிறவருக்கு எழுத்தின் அளவு சின்ன விஷயமல்ல. பொடி எழுத்தோடு மல்லுக்கட்டினால் பத்தாவது வசனத்திலேயே கண் சொக்கிவிடும்.

இழுத்து மூடும் ஜிப் வைத்த சிறிய பதிப்பு பரிசு கொடுக்க அழகு. பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தலுக்குப் பலர் அதையே வாங்குகிறார்கள். கல்லடி, கல்லாறு, கல்முனை என்று கடலோரத்து வீடுகளில் அது நெடுநாள் தாங்காது. உப்புக் காற்றில் ஜிப் இறுகும்; இழுத்து மூடும்போது பக்க ஓரங்கள் மடிந்து கிழியும். மாரியில் செயற்கைத் தோலில் பூசணம் படியும், கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்து வெக்கையில் அதே தோல் செதில் செதிலாக உரியும். ஓரத்தில் பொன்பூச்சு இருந்தால் ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் நகத்தால் பிரிக்க வேண்டாம். முன்பக்கமிருந்து பத்துத் தாள், பின்பக்கமிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறித் திறந்து, முதுகுப் பக்கமாக விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். முதுகும் உடையாது.

மொழி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் கைகாட்டும் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்தது. மத்தேயு 26:41ஐக் குடும்ப ஜெபத்தில் ஒரு பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள்: “சோதனைக்குட்படாதபடிக்கு” என்ற இடத்தில் நின்றுவிடும். பென்சிலால் ‘சோதனைக்கு’, ‘உட்படாதபடிக்கு’ என்று நடுவில் ஒரு சிறு கோடு போட்டால் போதும், அடுத்த முறை தடங்கல் இருக்காது. கத்தோலிக்க வீடுகளில் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும். 73 நூல்கள், நடை எளிது. இரண்டு சபையாரும் சேர்ந்த குடும்பமென்றால் சத்தமாக வாசிக்க ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே நூலை ‘சங்கீதமா, திருப்பாடலா’ என்று தேடுவதிலேயே நேரம் போகும்.

சில பதிப்புகளின் பின்னால் வருட வாசிப்பு அட்டவணை உண்டு. அது இல்லாவிட்டாலும் குறையில்லை, கணக்கு எளிது. பழைய மொழிபெயர்ப்பின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு 3, ஞாயிறு 5 என்றால் கிழமைக்கு 23. 52 கிழமையில் முடிந்து 7 அதிகாரத்துக்கு இடமும் மிஞ்சும். மெதடிஸ்த சபைகளில், ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையில் புத்தாண்டுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த கையோடு பலர் ஆதியாகமத்தைத் திறக்கிறார்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. சரியாக நாலாம் கிழமை முடிவில் லேவியராகமம் வந்துவிடும். பெரும்பாலானோர் கைவிடுவது இங்கேதான். பக்தி குறைந்ததால் அல்ல. பலிகளும் தீட்டுச் சட்டங்களுமாக 27 அதிகாரங்களைத் துணையில்லாமல் கடப்பது கடினம். எபிரெயருக்கு எழுதின நிருபத்தை, 13 அதிகாரம்தான், கூடவே வைத்து வாசியுங்கள். லேவியராகமம் 16இல் பிரதான ஆசாரியன் ஏன் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் திரைக்கு உள்ளே போகிறான் என்பது எபிரெயர் 9இல் விளங்கும். ஒத்துவாக்கியங்கள், அதாவது தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்புகள், அச்சிட்ட பதிப்பு கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கச் சொல்வது இதற்காகவே.

முதல் முறை தொடங்குகிறவருக்கு முழு வேதமும் பாரம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 கிழமை. சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் நான்கு சுவிசேஷங்களின் 89 அதிகாரங்களை நாளுக்கு இரண்டாக வாசித்தால், சாம்பல் புதன் தொட்டுப் பெரிய சனி வரையான 46 நாளுக்குள் அடங்கும். இரண்டு மூன்று நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரத்தை ஒரே மூச்சில் விழுங்க முயலாதீர்கள். அது வாசிப்பும் ஆகாது, ஜெபமும் ஆகாது. அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

தாள் மிக மெல்லியது. ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறும்; கலர்ப் பென்சில் ஊறாது. இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்பு மங்கிய வெளிச்சத்தில் கண்ணை வருத்தும், கறுப்பே நல்லது. போனில் வாசிப்பது பயணத்துக்கு உதவும், பார்வை குறைந்த பெரியவர்களுக்கு ஒலிப்பதிவும் பெரிய துணை. காலையில் மட்டும் போனை அடுத்த அறையில் வையுங்கள். வசனத்துக்கு நடுவே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் ஜெபம் அதோடு சரி.

கடையில் பொலித்தீன் உறையைப் பிரித்துப் பார்க்கக் கேளுங்கள். முதுகின் மேல்நுனியில் சிறு சிறு மடிப்புக் கட்டுகள் தெரிந்தால் பெரும்பாலும் தைத்தது. ஒரே சீராகப் பசை தெரிந்தால் ஒட்டியது, அது இரண்டு மாரி தாங்குவதே பெரிய காரியம். ஒரு கட்டு விடுபட்டால் பல பக்கங்கள் ஒன்றாய்ப் போகும். ஆகவே பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள், ஒரே அதிகாரமுள்ள ஒபதியா, பிலேமோன், 2 யோவான், 3 யோவான், யூதா ஐந்தும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு சங்கீதம் 119ஐத் திறந்து, ஒரு முழத் தூரத்தில் பிடித்து எட்டு வசனம் வாசியுங்கள். கண்ணைச் சுருக்காமல் வாசிக்க முடிந்தால் அந்தப் பிரதியை வாங்கலாம்.