மழைமானியா, அரிவாளா?
இந்தியப் பயிர்க் காப்பீட்டில், 2016 முதல் நடக்கும் பிரதமரின் திட்டம் விளைச்சலைப் பார்க்கிறது. சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்வார்கள். அந்தப் பகுதியின் சராசரி விளைச்சல், உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால் இழப்பீடு. கெடுத்தது வெள்ளமா, பூச்சியா என்ற தகராறு குறைவு. ஆனால் அறுத்து, நிறுத்து, கணக்கு மேலே போய்ப் பணம் இறங்குவதற்குள் அடுத்த விதைப்பே வந்துவிடுவதுண்டு.

வானிலை சார்ந்த திட்டத்தில் அரிவாளுக்கு வேலையில்லை. வானிலை நிலையத்தில் பதிவாகும் மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று குறித்த வரம்புக்கு மேலோ கீழோ போனால் பணம். வேகம் அதன் பலம். சிக்கல் தூரத்தில்தான்: நிலையத்தில் கொட்டிய மழை பத்துக் கிலோமீட்டர் தள்ளி உங்கள் வயலில் தூறாமலே போகலாம். காய்ந்தது பயிர், கருவிக்கோ எல்லாம் சுகம்!

விவசாயியின் பிரீமியம் இரண்டிலும் ஒன்றே: காப்பீட்டுத் தொகையில், காரிஃப் (பருவமழைக் கால) உணவுப் பயிருக்கு அதிகபட்சம் 2%, ராபிக்கு (குளிர்காலப் பயிருக்கு) 1.5%, தோட்டப் பயிருக்கு 5%. நெல்லுக்கு என் ஓட்டு அரிவாளுக்கே. பலமுறை பறிக்கும் காய்கறிக்கு மழைமானி.