கோட் ஃபைல் தப்பான செயலியில் திறக்கிறதா? எந்த வழியில் சரிசெய்யலாம்

டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய, .டிஎஸ் என்று பெயர் முடியும் ஃபைலை டபுள் கிளிக் செய்கிறீர்கள். வீடியோ பிளேயர் திறந்து, இதை ஓட்ட முடியவில்லை என்கிறது. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டைப்ஸ்கிரிப்ட் 2012இல் வெளிவந்தது. அதற்கு வெகு முன்பே அதே .டிஎஸ் என்ற நீட்டிப்பை (ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை) எம்பெக் வீடியோ ஸ்ட்ரீம்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தன. உங்கள் கணினிக்கு அந்தப் பழைய அர்த்தம்தான் தெரியும்.

ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலின் .ஜேஎஸ் நீட்டிப்பு இதைவிடச் சிக்கலானது. விண்டோஸில் அதை டபுள் கிளிக் செய்தால், வழக்கமாக விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற உள்ளமைந்த செயலி அந்தக் கோடை ஓட்டவே பார்க்கும். பிரவுசருக்காக எழுதிய கோடு என்றால், 'டாக்குமென்ட்' என்பது வரையறுக்கப்படவில்லை என்று ஒரு பிழைப் பெட்டி வரும். புதிதாகக் கற்பவர்கள் தங்கள் கோடில்தான் தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சலில் வந்த தெரியாத ஜேஎஸ் ஃபைல் இப்படி ஓடினால் ஆபத்தும்கூட. மற்ற நீட்டிப்புகளை விட்டாலும், இதை மட்டும் கோடு எழுதும் எடிட்டரில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள்.

எந்த வழியில் இறங்கும் முன்பும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நீட்டிப்புகளைக் காட்டும்படி வையுங்கள். மெயின்.பிஒய் என்று தெரிவது உண்மையில் மெயின்.பிஒய்.டிஎக்ஸ்டி ஆக இருக்கலாம். அப்படி இருந்தால் பெயரை மாற்றினால் போதும்.

சரி, வழிகளுக்கு வருவோம். ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்' வழியாக எப்போதும் இந்தச் செயலி என்று சொல்வதும், செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் மாற்றுவதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் எழுதுகின்றன. ஒரு நீட்டிப்பு என்றால் முதலாவது, பத்து நீட்டிப்புகளை ஒரே மூச்சில் மாற்ற இரண்டாவது.

நீட்டிப்பையும் அதைத் திறக்கும் செயலியையும் இணைக்க, கமாண்ட் பிராம்ப்டில் அசோக் (assoc), எஃப்டைப் (ftype) என்ற இரு கட்டளைகள் உண்டு. பல பழைய வழிகாட்டிகள் இவற்றைத்தான் சொல்லும். நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும், பவர்ஷெல்லில் நேரடியாக வேலை செய்யாது. அதைவிட முக்கியம், இவை கணினி முழுமைக்குமான பதிவை மாற்றுகின்றன. நீங்கள் 'ஓப்பன் வித்' வழியாகத் தேர்ந்தெடுத்ததோ உங்கள் பயனர் கணக்கின் கீழ், ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளத்தில் யூசர்சாய்ஸ் என்ற கீயில் இருக்கிறது. இரண்டும் மோதினால் யூசர்சாய்ஸ்தான் ஜெயிக்கும். அசோக் கட்டளை சரியான பதிலைக் காட்டும், டபுள் கிளிக் செய்தால் வேறு செயலி திறக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வீணான நேரம் கொஞ்சமல்ல. எஃப்டைப் உதவுகிற இடம் ஒன்று உண்டு. பைதான் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் ஆர்க்யுமென்ட்கள் (கட்டளையில் பெயரோடு சேர்த்துத் தரும் மதிப்புகள்) போய்ச் சேரவில்லை என்றால், அது காட்டும் வரியின் கடைசியில் சதவீதக் குறியும் நட்சத்திரமும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதுதான் காரணம்.

அப்படியானால் யூசர்சாய்ஸையே கையால் திருத்தினால் என்ன? விண்டோஸ் 8 முதல் அந்தக் கீக்குள் ஒரு ஹாஷ் மதிப்பும், அதாவது பதிவைச் சரிபார்க்கக் கணக்கிட்ட குறியீடும் இருக்கிறது. செயலியின் பெயரை மட்டும் மாற்றினால் ஹாஷ் பொருந்தாது. விண்டோஸ் உங்கள் மாற்றத்தை ஏற்காது. இந்த வழி வேண்டாம்.

ஆனால் ரெஜிஸ்ட்ரியைத் தொட்டே ஆக வேண்டிய நிலை ஒன்று இருக்கிறது. எனக்கே நேர்ந்தது. இன்ஸ்டால் செய்யாமல் பயன்படுத்தும் எடிட்டர் ஒன்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அதன்பின் 'ஓப்பன் வித்' பெட்டியில் அதன் இஎக்ஸ்இ ஃபைலை எத்தனை முறை காட்டினாலும் பட்டியலில் அது சேரவே இல்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. அதே பெயரில் பழைய பாதை ஏற்கனவே பதிவாகியிருந்ததுதான் காரணம். பயனர் பகுதியில் சாஃப்ட்வேர், கிளாசஸ், அப்ளிகேஷன்ஸ் என்று போய், அந்த இஎக்ஸ்இ பெயரின் கீழ் ஷெல், ஓப்பன், கமாண்ட் வரை இறங்கிப் பாதையைத் திருத்தியதும் வேலை செய்தது. தொடும் முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் விரும்புவது, டபுள் கிளிக்கை நம்பாமல் எடிட்டருக்குள்ளிருந்து ஃபோல்டராகத் திறப்பது. ஒரு ஃபைல் தனியாக இருப்பது அரிது. ஃபோல்டராகத் திறந்தால் மற்ற ஃபைல்களும் ப்ராஜெக்ட் செட்டிங்ஸும் கூடவே வரும், நீட்டிப்புப் பதிவு எப்படி இருந்தாலும் கவலை இல்லை. பதிவிறக்கிய ஒற்றை ஃபைலை எட்டிப் பார்க்க மட்டும் இது சுற்றுவழி.

பைதானுக்கு வேறு கேள்வி: டபுள் கிளிக் செய்தால் ஓட வேண்டுமா, திருத்தத் திறக்க வேண்டுமா? பைதான் 3.3 முதல் பை லாஞ்சர் விண்டோஸில் கூடவே வருகிறது, ஃபைலை ஓட்டுவது அதன் வேலை. கருப்பு ஜன்னல் மின்னி மறைந்தால் பதிவில் பிழை இல்லை, நிரல் ஓடி முடிந்துவிட்டது என்றே பொருள். கோடு எழுதுபவர் எடிட்டருக்கு மாற்றிக்கொள்ளட்டும், கருவிகளை ஓட்ட மட்டும் பயன்படுத்துபவர் லாஞ்சரையே விட்டுவைக்கலாம்.

மேக்கில் கெட் இன்ஃபோ பெட்டியில் செயலியைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'சேஞ்ச் ஆல்' அழுத்த மறந்தால் அந்த ஒரு ஃபைல் மட்டுமே மாறும். லினக்ஸில் முதலில் எக்ஸ்டிஜி-மைம் கட்டளையிடம் ஃபைலின் வகையைக் கேளுங்கள். அங்கே பதிவு மைம் வகையை, அதாவது ஃபைலில் இருப்பது எந்த வகை என்று சொல்லும் பெயரை வைத்துத்தான். அதே .டிஎஸ் நீட்டிப்பை க்யூட்டி (Qt) என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பின் மொழிபெயர்ப்பு ஃபைல்களும் பயன்படுத்துவதால் பதில் எதிர்பாராததாக இருக்கலாம்.

அப்புறம், சரியான எடிட்டரில்தான் திறக்கிறது, ஆனால் நிறங்கள் தப்பாக வருகின்றன என்றால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். .ஹெச் ஃபைலை சி மொழியாகப் பார்ப்பதா, சி++ ஆகப் பார்ப்பதா என்பது எடிட்டருக்குள் முடிவாவது. விஎஸ் கோடு என்ற எடிட்டரில் அதற்கு 'ஃபைல்ஸ் அசோசியேஷன்ஸ்' என்று தனி செட்டிங் இருக்கிறது.