விகுதிப் பட்டியலா, அட்டவணையா, சூழலா: ஆங்கில மோடல் வினைகளைக் கற்க எது உதவும்?

தமிழ் வழியில் படித்தவர்கள் கேன், குட், மே, மஸ்ட் வகையறாவை, அதாவது ‘மோடல்’ எனப்படும் துணைவினைகளைக் கற்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, தமிழ் விகுதிக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்: ‘முடியும்’ என்றால் கேன், ‘லாம்’ என்றால் மே, ‘வேண்டும்’ என்றால் மஸ்ட். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த ரகம். இரண்டாவது, பள்ளி இலக்கண அட்டவணை: ஒன்பது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பயன்பாடுகள். மூன்றாவது, அனுமதி கேட்பது, மறுப்பது, ஊகிப்பது என்று சூழலை வைத்துப் படிப்பது.

விகுதிப் பட்டியலைக் கண்டால் ஆங்கில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அவ்வளவு மட்டமான வழி அல்ல அது. ‘வரட்டுமா?’ என்பதற்கு ‘ஷல் ஐ கம்?’, ‘போகலாமா?’ என்பதற்கு ‘ஷல் வி கோ?’ கச்சிதமாகப் பொருந்தும். இன்னும் பெரிய லாபம் எதிர்மறையில் இருக்கிறது. ‘மஸ்ட்’டும் ‘ஹேவ் டு’வும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒன்றுதான். எதிர்மறையில் இரண்டும் வேறு வேறு திசைக்குப் போய்விடும்: ‘யூ மஸ்ட் நாட் பே’ என்றால் பணம் கட்டக் கூடாது, ‘யூ டோன்ட் ஹேவ் டு பே’ என்றால் கட்ட வேண்டியதில்லை. ஜெர்மன்காரர்கள் இங்கே தடுமாறுவார்கள். அவர்கள் மொழியில் ‘முஸ் நிஷ்ட்’ என்றாலே ‘தேவையில்லை’ என்று பொருள். நமக்குக் ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்று இரண்டு தனி வடிவங்கள் இருப்பதால் இந்தக் குழப்பம் வர வேண்டிய அவசியமே இல்லை. ‘வேண்டாம்’ மட்டும் உஷார். ‘நீ வர வேண்டாம்’ என்பது தடையாகவும் இருக்கலாம், சலுகையாகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்த பிறகே ஆங்கிலத்துக்குப் போக வேண்டும்.

பட்டியல் கவிழும் இடங்களும் உண்டு. முதல் இடம் ‘முடியும்’. ‘ஐ கேன் ஏபிள் டு கம்’ என்ற பிரபல வாக்கியம் இங்கேதான் பிறக்கிறது. பட்டியலில் ‘கேன்’ என்பதற்கும் ‘ஏபிள் டு’ என்பதற்கும் ஒரே அர்த்தம் போட்டிருப்பதால் நாக்கு இரண்டையும் கோத்துவிடுகிறது. ‘கேன்’ வந்தால் அடுத்தது வெறும் வினை: ‘ஐ கேன் கம்’. வில், மைட் போன்ற இன்னொரு மோடல் முன்னால் நிற்கும்போது ‘கேன்’ வர முடியாது. அப்போதுதான் ‘ஏபிள் டு’வுக்கு வேலை: ‘ஐ வில் பி ஏபிள் டு கம்’.

‘முடிந்தது’ இன்னொரு பொறி. ‘நேற்று டிக்கெட் எடுக்க முடிந்தது’ என்பதை ‘ஐ குட் கெட் எ டிக்கெட் யெஸ்டர்டே’ என்றால் சரிவராது. முன்பு பொதுவாக இருந்த திறமைக்குத்தான் ‘குட்’: சின்ன வயதில் மரம் ஏறத் தெரியும் என்பது போல. ஒரு முறை முயன்று காரியம் கைகூடியதற்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’. எடுக்க முடியாமல் போயிருந்தால் ‘குடின்ட்’ என்று தாராளமாகச் சொல்லலாம்; எதிர்மறையில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அடுத்தது ‘லாம்’. ‘நீங்கள் போகலாம்’ என்பது அனுமதி: கேன் அல்லது மே. ‘அந்த டாக்டரிடம் போகலாமே’ என்பது யோசனை: குட். ‘மழை வரலாம்’ என்பது வாய்ப்பு: மே, மைட், குட். இந்த மூன்றாவதில் ‘கேன்’ போட்டு ‘இட் கேன் ரெயின் டுமாரோ’ என்பது தவறு. ‘இங்கே ஏப்ரலில்கூட மழை பெய்வதுண்டு’ என்கிற பொதுத்தன்மைக்கு ‘கேன்’ சரி. நாளைக்கு என்று குறிப்பிட்டுச் சொல்லும்போது கூடாது.

தமிழின் எதிர்கால வடிவத்தை எந்தப் பட்டியலும் ஒழுங்காகத் தொடுவதில்லை. ‘லீவு நாட்களில் ஆற்றில் குளிப்போம்’ என்று பழைய கதை பேசும்போது நாம் எதிர்கால விகுதியைத்தான் போடுகிறோம். அதை ‘வில்’ ஆக்கினால் கேட்பவர் இனிமேல்தான் குளிக்கப் போகிறார்கள் என்று நினைப்பார். இங்கே ‘வுட்’ அல்லது ‘யூஸ்ட் டு’ வேண்டும். இரண்டில் ‘யூஸ்ட் டு’ பாதுகாப்பானது: ‘மதுரையில் குடியிருந்தோம்’ போன்ற நிலையைச் சொல்ல ‘வுட்’ உதவாது.

இலக்கண அட்டவணையின் பலம் வடிவத்தில் இருக்கிறது. ஒன்பது சொற்களுக்கும் ஒரே சட்டம்: ‘ஹி கேன்ஸ்’ இல்லை, ‘மஸ்ட் டு கோ’ இல்லை, ‘டஸ் ஹி கேன்’ இல்லை, இரண்டு மோடல்கள் அடுத்தடுத்து வருவதில்லை. அரை மணி நேரத்தில் முடிகிற பாடம் இது. அதற்குப் பிறகு அட்டவணை நேரத்தைத் தின்னும். எல்லாச் சொல்லுக்கும் சமமான இடம் கொடுப்பதுதான் அதன் கோளாறு. வில், வுட், கேன் மூன்றும் எங்கும் நிறைந்தவை. ‘ஷல்’ அபூர்வம். 1961, 1991 ஆண்டுகளின் பிரிட்டிஷ் எழுத்துகளை ஒப்பிட்ட மொழியியலாளர் ஜெஃப்ரி லீச், மஸ்ட், மே, ஷல் ஆகியவை குறைந்துவருவதைக் காட்டினார். ‘ஐ ஷல், யூ வில்’ என்ற பழைய விதியை மனப்பாடம் செய்வது வீண் வேலை.

விதிவிலக்கு, தொழில் ஆவணங்கள். இந்திய அரசமைப்பின் முதல் உறுப்பே இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்பதை ‘ஷல் பி’ போட்டுத்தான் சொல்கிறது. மென்பொருள்காரர்களுக்கு 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இருக்கிறது. அதில் மஸ்ட் என்றால் கட்டாயம்; ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் மட்டுமே மீறலாம்; மே என்றால் முழுக்க விருப்பம். இந்த வேலையில் இருப்பவர்கள் அட்டவணையை ஒதுக்க முடியாது.

சூழல்வழிப் படிப்பு மெதுவாகத்தான் நகரும். மரியாதை, ஊகம் இரண்டுக்கும் அதை விட்டால் வேறு வழி இல்லை. தமிழில் மரியாதை ‘அனுப்பு’, ‘அனுப்புங்க’ என்று விகுதியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான், ஆகவே பணிவின் சுமையை மோடல்தான் தாங்குகிறது. மேலதிகாரிக்கு ‘ப்ளீஸ் சென்ட் த ஃபைல்’ என்று எழுதினால் ‘ப்ளீஸ்’ இருந்தும் அது கட்டளைதான். ‘குட் யூ சென்ட் த ஃபைல்?’ என்றால் வேண்டுகோள். நண்பருக்குக் ‘கேன் யூ’ போதும். இதைக் கற்றவுடன் சிலர் எல்லா இடத்திலும் ‘வுட்’ தூவ ஆரம்பிப்பார்கள். ‘ஐ வுட் பி ரீச்சிங் டுமாரோ’ என்று மெயில் வந்தால் பெறுபவர் ‘இஃப்’ எங்கே என்று தேடுவார். வருவது உறுதி என்றால் ‘வில்’ போடுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

ஊகத்தில் தமிழ்தான் மங்கலானது. ‘அவர் வந்திருக்க வேண்டும்’ என்பதற்கு, வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆகவே நிச்சயம் வந்துவிட்டார் என்றும் பொருள். வரவில்லையே என்ற குறையும் பொருள். ஆங்கிலத்தில் முதலாவது ‘மஸ்ட் ஹேவ் கம்’, இரண்டாவது ‘ஷுட் ஹேவ் கம்’. ‘வந்திருக்கலாம்’ அப்படியே: சந்தேகம் என்றால் ‘மைட் ஹேவ் கம்’, ஆதங்கம் என்றால் ‘குட் ஹேவ் கம்’. ‘வந்திருக்க முடியாது’ என்று அடித்துச் சொல்லும்போது ‘கான்ட் ஹேவ் கம்’ தான் இயல்பு. ‘மஸ்ட்’டின் எதிர்மறை என்று நினைத்து ‘மஸ்ட் நாட்’ போடுவது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு.

ஆகவே எங்கள் பரிந்துரை: முதல் வாரம் விகுதிப் பட்டியல், அதுவும் முடியும், லாம், வேண்டும், கூடாது, அட்டும் ஆகிய ஐந்துக்கு மட்டும். கூடவே அட்டவணையின் வடிவச் சட்டம். அதன் பிறகு பட்டியலை மூடிவிட்டு, நோட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: முழுத் தமிழ் வாக்கியம், யார் யாரிடம் சொல்கிறார், ஆங்கில வாக்கியம். நடுப் பத்தியை நிரப்பாமல் மூன்றாவதுக்குப் போகக் கூடாது. ஒரே வேண்டுகோளைத் தம்பி, சக ஊழியர், வாடிக்கையாளர் என மூவருக்கும் எழுதிப் பாருங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வு மட்டுமே குறி என்றால் இவ்வளவு தேவையில்லை, அட்டவணையே போதும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கட்டுரை எழுதுபவர்கள் ஊகப் பகுதியில் கூடுதல் நேரம் செலவிடலாம். ‘மே’ வர வேண்டிய இடத்தில் ‘வில்’ போட்டால் வாதம் மிகையாகிவிடும்.