மாசமாக இருக்கும்போது எந்த உப்பு? கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு, மாத்திரை

வீட்டில் ஒரு பெண் மாசமானால் உப்பு விஷயத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பாக்கெட் உப்பு வேண்டாம், கல் உப்புக்கு மாறு" என்பார் ஒருவர். "இந்துப்புதான் நல்லது" என்பார் இன்னொருவர். ருசியெல்லாம் அப்புறம். அதில் அயோடின் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் இதுதான். முதல் மூன்று மாதம் கருவால் தைராய்டு ஹார்மோனைச் சொந்தமாகச் சுரக்க முடியாது. மூளை வளர்ச்சிக்கு வேண்டியது தாயிடமிருந்தே போக வேண்டும். அந்த ஹார்மோனைச் சுரக்கத் தாய்க்கு அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்கிற உலக சுகாதார நிறுவனம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 என்கிறது. பற்றாக்குறை கடுமையானால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது, மூளை வளர்ச்சிக் குறைபாடு வரை போகும்.

முதலில் கல் உப்பு. கடலிலிருந்து வருவதால் அயோடின் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அயோடின் 60 மைக்ரோகிராம் அளவுதான். அது முழுவதும் உப்பிலேயே தங்கினாலும் கிராமுக்கு 2 மைக்ரோகிராம்கூட வராது. அயோடின் சேர்த்த உப்பிலோ, கடைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 இருக்க வேண்டும். தூத்துக்குடியும் வேதாரண்யமும் நம்மிடம் இருந்தும், 2018-19 தேசிய ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பைப் போட்டுச் சமைக்கும் வீடுகள் மிகக் குறைவாக இருந்தது தமிழ்நாட்டில்தான்: 61.9 சதவீதம். நாட்டுச் சராசரி 76.3. இது எனக்கு ஆறாத வருத்தம்.

கல் உப்பை விட மனமில்லாதவர்கள், அயோடின் தெளித்த கல் உப்பு பாக்கெட்டை வாங்கலாம். ஆனால் அழுக்குப் போக அலசிவிட்டுப் போட்டால், மேலே ஒட்டியிருக்கும் அயோடினும் தண்ணீரோடு போய்விடும்.

அதனால் என் தேர்வு தூள் உப்பு. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா பாருங்கள், அயோடின் சேர்த்த உப்பு என்பதற்கு அதுதான் அடையாளம். மூடி போட்ட டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள். இதுவும் முழுத் தேவைக்குப் போதாது. நாளுக்கு 5 கிராம் உப்புதான் சாப்பிடலாம், 15 வீதம் பார்த்தால் 75 மைக்ரோகிராம்தான் வருகிறது. மீதிக்குப் பால், தயிர், முட்டை, கடல் மீன் வேண்டும். அயோடினுக்காக உப்பைக் கூட்டாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

இந்துப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. தனியாக அயோடின் சேர்க்காவிட்டால் அதில் பெயரளவுக்குத்தான் இருக்கும், விலையும் கூட.

மாத்திரைக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சத்து மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். அயோடின் கிடையாது. தனியார் மாத்திரைகளில் சிலவற்றில் 150 மைக்ரோகிராம் இருக்கிறது. மீன், முட்டை, பால் எதுவும் சேராதவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்பது நல்லது. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. கடல்பாசி மாத்திரை யாருக்குமே வேண்டாம். அதில் அயோடின் எக்கச்சக்கமாக இருக்கலாம், அதிகமானாலும் குழந்தையின் தைராய்டு பாதிக்கும்.

எந்த உப்பைச் சாப்பிட்டாலும், சில குழந்தைகள் தைராய்டு சுரப்பியே சரியாக உருவாகாமல் பிறக்கும். அதனால் பிரசவமான சில நாட்களில் குதிகாலில் ரத்தம் எடுத்து, தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்கும் டிஎஸ்ஹெச் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். குறை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும்.