ஆஸ்கர் கணிப்பு: பல வருடப் பழக்கத்தில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

ஆஸ்கர் யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல என்னென்ன வழிகள் உண்டோ, கிட்டத்தட்ட அத்தனையையும் பல வருடங்களாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் குழுவில் வருடா வருடம் இதற்கு ஒரு போட்டி உண்டு. எல்லாப் பிரிவுகளையும் வரிசையாகப் போட்ட ஒரு ஷீட், அதில் ஆளுக்கொரு பத்தி. அதிகம் சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் செலவில் பிரியாணி. விழா நமக்குத் திங்கள்கிழமை விடிகாலையில் வரும் என்பதால், ஞாயிறு இரவே ஷீட்டைப் பூட்டிவிடுவோம். புதிதாக இந்தப் பழக்கத்துக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் படம் சிறந்தது என்று யோசித்துப் போடுகிற கணிப்பு நிற்காது. ஓட்டுப் போடுகிறவர்கள் யார், அந்த ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்று யோசித்துப் போடுவது நிற்கும். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

ஆஸ்கரை வழங்கும் அகாடமியில் ஓட்டுரிமை உள்ளவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். நடிகர்கள், இயக்குநர்கள், படத்தொகுப்பாளர்கள், உடை வடிவமைப்பாளர்கள் என்று கிளை கிளையாகப் பிரிந்திருக்கிறார்கள். பரிந்துரைப் பட்டியலைப் பெரும்பாலும் அந்தந்தக் கிளைதான் முடிவு செய்யும். இயக்குநர்களை இயக்குநர்கள் பரிந்துரைப்பார்கள். ஆனால் இறுதிச் சுற்றில் எல்லோரும் எல்லாப் பிரிவுக்கும் ஓட்டுப் போடலாம். உடை அலங்காரத்துக்கான விருதை நடிகரும் விளம்பரத் துறைக்காரரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். அதனால்தான் நுணுக்கமான வேலையைவிட, பார்த்த உடனே கண்ணில் படுகிற வேலை அங்கே ஜெயிக்கிறது. உடை என்றால் பெரும்பாலும் பழங்காலக் கதை அல்லது கற்பனை உலகம். இன்றைய நகரத்து மனிதர்களுக்கு அருமையாக உடை அமைத்த படத்துக்கு நான் அந்தக் கட்டத்தில் டிக் போடுவதில்லை.

அடுத்து சங்கங்களின் விருதுகள். என் அனுபவத்தில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிற கருவிகளில் இவைதான் தங்கம். காரணம் எளிது: சங்க உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அகாடமியிலும் ஓட்டுப் போடுகிறார்கள். அமெரிக்க இயக்குநர்கள் சங்கமான டிஜிஏ 1948 முதல் விருது தருகிறது. அங்கே ஜெயித்தவருக்கு ஆஸ்கர் கிடைக்காமல் போனது 2025 விழா வரை எட்டே முறை. இந்த நூற்றாண்டில் நான்கு: 2001, 2003, 2013, 2020. இதில் 2013 ஒரு விசித்திரக் கணக்கு. டிஜிஏ வாங்கிய பென் அஃப்லெக் அந்த வருடம் ஆஸ்கர் இயக்குநர் பட்டியலிலேயே இல்லை. ஆகவே சிறந்த இயக்குநர் கட்டத்தில் அதிகம் மூளையைக் கசக்க வேண்டாம். டிஜிஏ முடிவைப் பார்த்து எழுதிவிடுங்கள்.

சிறந்த படம்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம். மற்றப் பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். சிறந்த படத்துக்கு மட்டும் 2010 விழாவிலிருந்து விருப்ப வரிசை முறை. வாக்காளர் தனக்குப் பிடித்ததை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார். முதலிடங்களில் எந்தப் படமும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அந்தச் சீட்டுகளை அவற்றில் அடுத்ததாக எழுதியிருக்கும் படத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இதே கதை.

எங்கள் குழுவில் ஒருமுறை இதைத் துண்டுச் சீட்டில் செய்து பார்த்தோம். இருபது சீட்டு, நான்கு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிட ஓட்டு ‘அ’ படத்துக்கு 8, ‘ஆ’ படத்துக்கு 6, ‘இ’க்கு 4, ‘ஈ’க்கு 2. சாதாரணத் தேர்தல் என்றால் ‘அ’ ஜெயித்துவிட்டது. இங்கே ‘ஈ’ முதலில் வெளியே போகிறது. அந்த இரண்டு சீட்டிலும் இரண்டாவதாக ‘ஆ’ இருந்தால் இப்போது 8க்கு 8. அடுத்து ‘இ’ வெளியேறுகிறது. அதன் நான்கு சீட்டில் மூன்று ‘ஆ’வுக்கும் ஒன்று ‘அ’வுக்கும் போனால், 11க்கு 9 என்று ‘ஆ’ ஜெயிக்கிறது. சீட்டுகளை ஒரு குவியலிலிருந்து இன்னொரு குவியலுக்குக் கையால் மாற்றும்போதுதான் எங்களுக்கு இது முழுசாகப் புரிந்தது. “அப்போ இதைப் பிடிக்காதவங்க யாருன்னுதானே பார்க்கணும், அண்ணா?” என்று குழுவில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்டான். அதேதான். ஒரு படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது பாதிக் கேள்விதான். அதை எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் தள்ளுகிறவர்கள் எத்தனை பேர் என்பது மீதிப் பாதி.

2022 விழாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். ‘தி பவர் ஆஃப் தி டாக்’ படத்துக்கு 12 பரிந்துரைகள். ‘கோடா’வுக்கு மூன்றே மூன்று, இயக்கமும் இல்லை, படத்தொகுப்பும் இல்லை. முன்னது குளிர்ந்த, கடினமான படம். மதிக்கிறவர்கள் மிகவும் மதித்தார்கள், ஒட்டாதவர்கள் ஒட்டவே இல்லை. ‘கோடா’வை வெறுத்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கடைசியில் ‘கோடா’ போட்டியிட்ட மூன்றையும் வாங்கியது, மற்றதற்கு இயக்குநர் விருது மட்டும்.

இந்த இடத்தில்தான் தயாரிப்பாளர்கள் சங்கமான பிஜிஏ விருது மற்ற எல்லாவற்றையும்விட உதவும். அவர்களும் இதே விருப்ப வரிசை முறையில்தான் எண்ணுகிறார்கள். 2010 முதல் 2025 வரையிலான 16 விழாக்களில் பிஜிஏ கைவிட்டது மூன்று முறைதான்: 2016, 2017, 2020. அந்த மூன்றில் 2016-இல் ‘ஸ்பாட்லைட்’, 2020-இல் ‘பாரசைட்’ இரண்டும் திரை நடிகர்கள் சங்கத்தின் கூட்டு நடிப்பு விருதை ஏற்கெனவே வாங்கியிருந்தன. அகாடமியில் மிகப் பெரிய கிளை நடிகர்களுடையது என்பதை நினைத்தால் இது தற்செயலாகத் தோன்றாது. 2017-இல் மட்டும் தப்பிக்கவே வழியில்லை. ‘லா லா லேண்ட்’ 14 பரிந்துரைகளோடு பிஜிஏ, டிஜிஏ இரண்டையும் வாங்கி வந்தது. உறை மாறி அதன் பெயரை வாசித்தும்விட்டார்கள். பரிசு ‘மூன்லைட்’டுக்குப் போனது.

2025-இல் இந்தக் கருவியின் அருமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஜனவரியில் கோல்டன் குளோப் மேடையில் ‘அனோரா’ ஒன்றுகூட வாங்கவில்லை. பலர் அதை அப்போதே ஷீட்டிலிருந்து அழித்துவிட்டார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதி ஒரே நாளில் டிஜிஏ, பிஜிஏ இரண்டும் அதற்கு வந்தன. மார்ச் மாதம் ஐந்து ஆஸ்கர். அதில் நான்கு ஷான் பேக்கர் என்ற ஒரே மனிதர் கையில். கோல்டன் குளோப் விருதுகளை அங்கே பல வருடங்கள் தீர்மானித்தவர்கள் நூறு பேருக்கும் குறைவான வெளிநாட்டு நிருபர்கள். இப்போது எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனாலும் அவர்கள் பத்திரிகைக்காரர்கள்தான், அகாடமி உறுப்பினர்கள் கிடையாது. விமர்சகர் சங்கங்களின் விருதுகளுக்கும் இதே குறை. பட்டியலில் யார் யார் வருவார்கள் என்பதற்கு அவை உதவும். வெற்றிக்கு அவ்வளவாக உதவாது.

நடிப்பு விருதுகளில் நான் பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டாவைக் கூர்ந்து பார்ப்பேன். 2019-இல் கிளென் குளோஸ் என்று எல்லோரும் எழுதினார்கள். பாஃப்டா ஒலிவியா கோல்மனுக்குப் போயிருந்தது, ஆஸ்கரும் அவருக்கே. 2021-இல் மறைந்த சாட்விக் போஸ்மன் நடிகர்கள் சங்க விருதை வாங்கியிருந்தார். அவருக்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அன்று சிறந்த நடிகர் விருதை விழாவின் கடைசிக்குத் தள்ளினார்கள் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். பாஃப்டா வாங்கிய அந்தோணி ஹாப்கின்ஸ் 83 வயதில் ஜெயித்தார். மேடையில் ஏற அவர் வரவே இல்லை. 2025-இல் நடிகர்கள் சங்க விருது டெமி மூருக்கு, பாஃப்டாவும் ஆஸ்கரும் ‘அனோரா’ நாயகி மைக்கி மேடிசனுக்கு என்று அதே வழியில் போனது. அதே சமயம், பாஃப்டாவை வேதவாக்காக எடுக்கவும் கூடாது. 2023-இல் பாஃப்டா வாங்கிய கேட் பிளான்செட், ஆஸ்டின் பட்லர் இருவரும் தோற்றார்கள். நடிகர்கள் சங்கம் தேர்ந்தெடுத்த மிஷெல் யோ, பிரெண்டன் ஃப்ரேசர் இருவரும் ஜெயித்தார்கள். இரண்டு விருதும் வெவ்வேறு பக்கம் இழுக்கும்போது, எந்த நடிப்பு சிறந்த படத்துக்கான போட்டியில் முன்னால் நிற்கும் படத்தில் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வேன். யோவுக்கும் மேடிசனுக்கும் அதுதான் பொருந்தியது.

தேதிகளையும் கவனியுங்கள். 2025-இல் ஆஸ்கர் ஓட்டுப் பதிவு பிப்ரவரி 18-இல் முடிந்தது. நடிகர்கள் சங்க விழா நடந்தது 23-இல். அந்த மேடையில் யார் என்ன பேசினாலும் ஒரு ஓட்டும் மாறியிருக்காது. கடைசி வாரத்தில் “அலை திரும்பிவிட்டது” என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது இந்தத் தேதியை மனதில் வையுங்கள்.

விருதுக் கணிப்புகளுக்கான கோல்ட் டெர்பி தளத்தை நீண்ட நாளாகப் பார்த்து வருகிறேன். நிபுணர்கள், ஆசிரியர்கள், வாசகர்கள் என்று தனித்தனியாகக் கணிப்புகள் தெரியும். எங்கே போட்டி இறுக்கம் என்று தெரிந்துகொள்ள நல்ல இடம். கூட்டத்தின் கணிப்பு பெரும்பாலும் நேற்று நடந்த விழாவின் பின்னால் ஓடும் என்பதால், அதை அப்படியே நகலெடுத்தால் போட்டியில் எல்லோருடைய ஷீட்டும் ஒன்றாகிவிடும். இரண்டு அல்லது மூன்று கட்டங்களில் விலகி நிற்க வேண்டும்.

எங்கே விலகுவது? என் பதில், அனிமேஷன். 2024-இல் ‘ஸ்பைடர்-வெர்ஸ்’, 2025-இல் ‘தி வைல்ட் ரோபோ’ இரண்டும் அனிமேஷன் துறையின் ஆனி விருதையும் பிஜிஏவின் அனிமேஷன் விருதையும் கையில் வைத்திருந்தன. ஜெயித்தவை ஜப்பானின் ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’, லாட்வியாவின் ‘ஃப்ளோ’. கடந்த பத்து வருடங்களில் அகாடமி அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து ஏராளமானவர்களைச் சேர்த்திருக்கிறது. அந்த மாற்றம் இந்தப் பிரிவில் அப்பட்டமாகத் தெரிகிறது.

நம் ஆட்கள் போட்டியில் இருக்கும் வருடம் தனிப் பாடு. மனசு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். நான் அப்போது இரண்டு பட்டியல் வைத்துக்கொள்வேன். சில வருடங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், அந்தச் சந்தோஷமே வேறு. 2009-இல் ஏ.ஆர். ரஹ்மான் கோல்டன் குளோபையும் பாஃப்டாவையும் முடித்துவிட்டு வந்திருந்தார். பத்துப் பரிந்துரை பெற்ற அந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படமே அன்று எட்டை அள்ளியது. அந்த மேடையில் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று அவர் தமிழில் சொன்னதைக் கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. 2023-இல் ‘நாட்டு நாட்டு’ பாட்டும் அப்படித்தான், கணக்கும் அதன் பக்கமே இருந்தது. அதே இரவு முதுமலை தெப்பக்காடு முகாமின் பொம்மனும் பெள்ளியும் குட்டி யானை ரகுவும் இடம்பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணக் குறும்படப் பிரிவில் ஜெயித்தது. எந்த வாக்காளரும் வீட்டிலிருந்தே நெட்ஃபிளிக்ஸில் பார்த்துவிடலாம், பார்த்தால் மனசு இளகும். குறும்படப் பிரிவுகளில் இந்த இரண்டும் சேர்ந்தால் பலமான கை.

ஒரு பெரிய குறை உண்டு. போட்டியில் இருக்கும் படங்களில் பல, விழாவுக்கு முன்னால் நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வருவதில்லை. வந்தாலும் ஒரு வாரம், ஒரு காட்சி. பார்க்காத படத்துக்கு டிக் போடுவது எனக்கு இன்றும் உறுத்தும். கணிப்பு சரியாக வந்தாலும், அந்தப் படத்தைப் பார்த்த திருப்தி அதில் வராது. அதனால் முடிவு வந்த பிறகும் பட்டியலைத் தூக்கிப் போடாமல், ஜெயித்ததையும் தோற்றதையும் வருடம் முழுக்கத் தேடிப் பார்க்கிறேன்.

2025 ஏப்ரலில் அகாடமி ஒரு புது விதி கொண்டுவந்தது: ஒரு பிரிவில் இருக்கும் எல்லாப் படங்களையும் பார்த்தவர்கள்தான் இறுதிச் சுற்றில் அந்தப் பிரிவுக்கு ஓட்டுப் போட முடியும். பெரிய பிரிவுகளில் இதனால் பெரிய மாற்றம் வரும் என்று நான் நினைக்கவில்லை. குறும்படங்களிலும் சர்வதேசப் படத்திலும் கண்டிப்பாக வரும் என்று நினைக்கிறேன். பெயர் தெரிந்த படம் என்பதற்காகப் போட்ட ஓட்டுகள் அங்கே குறையும், தரத்துக்கு எடை கூடும். எனவே நீங்கள் ஷீட்டை நிரப்பும்போது குறும்படங்களைக் கடைசிக்கு ஒதுக்காமல் அவற்றிலிருந்தே தொடங்குங்கள். சில யூடியூபிலேயே கிடைக்கும், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் போட்டியில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த மூன்று குறும்படக் கட்டங்களில்தான் இருக்கிறது.