இரண்டாவது கேள்வி வருகிறதா?

பேச்சுப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் வேலை. காலடியில் ஒரு மிதிக்கட்டை இருக்கும். அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பகல் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு, மாலை நடைக்குப் போகும்போதும் காதில் இன்னொரு பேச்சையா மாட்டிக்கொள்கிறாய் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். சமூகம், பொருளாதாரம், அரசின் கொள்கை என்று மணிக்கணக்கில் பேசும் நேர்காணல் பாட்காஸ்ட்களை எடைபோட இந்தத் தொழில் எனக்கு ஒரு தராசைக் கொடுத்திருக்கிறது.

எழுத்தாக்கிய பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். படிக்க வேண்டிய தேவைகூட இல்லை. கேள்வி எத்தனை வரி, பதில் எத்தனை வரி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கேள்வி பன்னிரண்டு வரி ஓடி, பதில் "மிகச் சரியாகச் சொன்னீர்கள்" என்று தொடங்கினால், நடத்துநர் தன் கருத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார் என்று பொருள். அடுத்து, இரண்டாவது கேள்வியைப் பார்ப்பேன். முதல் கேள்வியை யாரும் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வரலாம். விருந்தினர் இப்போது சொன்னதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து எழும் கேள்வியை அப்படிக் கொண்டுவர முடியாது. "ஆய்வுகள் காட்டுகின்றன" என்று விருந்தினர் சொன்னதும் "எந்த ஆய்வு, யாரிடம் நடத்தியது, அதை எப்படி நம்புவது?" என்று கேட்காமல் அடுத்த தலைப்புக்குத் தாவும் நிகழ்ச்சிகளை நான் மூன்றாவது அத்தியாயத்தோடு விட்டுவிடுகிறேன்.

என் தராசில் நன்றாக நிற்பது எக்கான்டாக். பொருளாதார அறிஞர் ரஸ் ராபர்ட்ஸ் 2006 முதல் நடத்திவருகிறார். வாரம் ஒன்று, ஏறக்குறைய ஒரு மணி நேரம். தான் சந்தைப் பொருளாதாரத்தின் பக்கம் சாய்பவர் என்பதை அவர் ஒளிப்பதில்லை. அதைவிட முக்கியம், தனக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் புள்ளிவிவரத்தையும் சந்தேகத்தோடு தட்டிப் பார்ப்பது. சந்தைப் பொருளாதாரத்தின் பெரும் ஆதரவாளரான மில்டன் ஃப்ரீட்மனை அவர் பேட்டி கண்டது நிகழ்ச்சியின் முதலாண்டிலேயே. அதே ஆண்டு நவம்பரில் ஃப்ரீட்மன் மறைந்தார். நான் திரும்பத் திரும்பக் கேட்பது 2012இல் வந்த ரொனால்ட் கோஸ் அத்தியாயம். நிறுவனங்கள் ஏன் இருக்கின்றன, ஒருவர் செயலின் பாதிப்பு அடுத்தவர்மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்காக 1991இல் பொருளாதார நோபல் பெற்றவர் கோஸ். பதிவின்போது அவருக்கு வயது 101. குரலில் முதுமை தெரிகிறது. அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டிய பேச்சு அது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சில செயலிகள் பேச்சின் இடைவெளிகளைத் தாமாகவே நறுக்கிவிடுகின்றன. நேரம் மிச்சமாம். ஒரு கடினமான கேள்விக்குப் பிறகு நான்கு விநாடி மௌனம் வந்தால், அந்த நான்கு விநாடியும் பதிலின் பகுதிதான். எங்கள் தொழிலில் அதைக்கூட அடைப்புக்குறிக்குள் குறித்துவைப்போம்.

கான்வர்சேஷன்ஸ் வித் டைலர் வேறு சாதி. 2015இல் தொடங்கியது. அதை நடத்தும் பொருளாதாரப் பேராசிரியர் டைலர் கோவனின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரி. பக்கத்தைத் தள்ளிப் பிடித்தால் பதில்களின் பத்திதான் தெரியும். மக்கள் கேட்க விரும்புவதை அல்ல, தான் பேச விரும்பும் உரையாடலையே நடத்துவேன் என்று அவரே அறிவித்துக்கொண்டவர். வரிக்கொள்கையிலிருந்து ஓவியத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் தாவுவார். ஒருவரையோ ஒன்றையோ சொல்லி, உலகம் இதை மிகையாக மதிக்கிறதா, குறைத்து மதிக்கிறதா என்று கேட்கும் பகுதி பலருக்குப் பிடித்தது. எனக்கு அது கொஞ்சம் பொழுதுபோக்கு, அவ்வளவே. ஆனால் ஒத்திகை பார்த்துவந்த விருந்தினரின் மனப்பாடத்தைக் கலைக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

உலகின் பெரிய சிக்கல்களைப் பற்றியும் அவற்றைத் தீர்க்க உதவும் வேலைகளைப் பற்றியும் பேசும் 80,000 ஹவர்ஸ், கையில் நேரம் உள்ளவர்களுக்கு. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு: ஒரு மனிதர் வாழ்நாளில் வேலைக்குக் கொடுக்கும் நேரம்தான் அந்தப் பெயர். முழு எழுத்துவடிவமும் தருகிறார்கள். தொழில்முறையில் அதற்குத் தனி வணக்கம்.

எழுத்துவடிவம் தராத நிகழ்ச்சிகள்மேல்தான் எனக்குக் கோபம். கொள்கை விவாதத்தில் ஒரு எண்ணைத் திரும்பிப் பார்க்க, இரண்டு மணி நேரப் பதிவில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டுமா? நிமிடக் குறிப்பு கொடுத்தாலும் சில இடங்களில் அது பொருந்துவதில்லை. கேட்பவருக்குக் கேட்பவர் வெவ்வேறு விளம்பரத்தை நடுவில் செருகுவதால், உங்கள் 41ஆவது நிமிடம் என் 43ஆவது நிமிடமாகிவிடுகிறது. இப்போது இயந்திரமே எழுத்தாக்குகிறது என்கிறார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால், யார் எதைச் சொன்னார் என்பதில் அது தடுமாறும். விவாதம் சூடுபிடிப்பதும் அந்த இடத்தில்தான்.

கடைசியாக, தி சீன் அண்ட் தி அன்சீன். இந்திய எழுத்தாளர் அமித் வர்மா 2017இல் தொடங்கியபோது இருபது நிமிட அளவில் சிறிய உரையாடல்களாக இருந்தன. ஒரு கொள்கையின் கண்ணுக்குத் தெரியும் பலனுக்குப் பின்னால் தெரியாமல் நிற்கும் விளைவு என்ன என்று பார்ப்பது நோக்கம். பெயரே 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்டியாவிடமிருந்து வந்தது. வாடகைக்கு உச்சவரம்பு வைத்தால் பயன்பெறும் குடித்தனக்காரர் தெரிவார். லாபமில்லை என்று கட்டப்படாமலே போன வீடு தெரியாது. பிறகு நிகழ்ச்சி வளர்ந்து, ஐந்து மணி நேரத்தைத் தாண்டும் அத்தியாயங்கள் வரத் தொடங்கின. இவ்வளவு நீளம் தேவையா என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் முதல் ஒரு மணி நேரம் விருந்தினரின் பிள்ளைப்பருவத்தைக் கேட்ட பிறகு, அவர் கல்விக்கொள்கை பற்றிச் சொல்லும் கருத்து எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடுகிறது. மேடையில் பத்து நிமிடம் பேசும்போது அந்த வேர் தெரியாது.

இந்த வாரம் அதில் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று மாலை நடைகள் முடிந்துவிட்டன. விருந்தினர் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்.