லினக்ஸ் மின்ட்: இணைய வகுப்புக்கு ஏற்றதா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும், அக்காள் மகளின் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். 4 ஜிபி நினைவகத்திலும் தாராளமாக ஓடுகிறது. மெனு இடது மூலையிலேயே இருந்ததால் அவள் மிரளவில்லை. கூகுள் மீட் உலாவியிலேயே திறந்துகொண்டது. திண்டாட்டமெல்லாம் ஜூமில்தான். பழக்கதோஷத்தில் ‘எக்ஸ்இ’ கோப்பை இறக்கி, சொடுக்கிக்கொண்டே இருந்தாள். அது விண்டோஸுக்கு உரியது; இங்கே ‘டெப்’ கோப்பு வேண்டும். வகுப்பு தொடங்கிவிட்ட பதற்றத்தில் இதை எந்தப் பிள்ளை கண்டுபிடிக்கும்? ஆவணம் எழுத இதிலுள்ள லிப்ரே ஆபிஸ் தானாக ‘ஓடிடி’ வடிவில் சேமிக்கும். கல்லூரியோ மைக்ரோசாஃப்ட் வேர்டின் ‘டாக்எக்ஸ்’ கேட்கும். அமைப்பில் ஒருமுறை மாற்றினால் போதும். மின்ட் அருமையான மென்பொருள், இலவசமும்கூட. ஆனால் முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.